நாற்பத்தொரு விநாடியும் கொஞ்சமும்

மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு நானோ விநாடி எதற்கு என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக நறுக்கினால் அதில் ஒரு கூறுதான் நானோ விநாடி. அதற்குள் காளை ஒரு முடியைக்கூட அசைக்க முடியாது. "காளை என்ன ராக்கெட்டா?" என்று கேட்டுவிட்டு, பருத்திக்கொட்டை ஊறிய வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு சுவரைப் பார்த்துத்தான் நான் பதில் சொன்னேன்: நமக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லைதான், ஆனால் நாங்கள் எழுதுகிற நிரல்மொழி நேரத்தை அப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறது.

அந்த மொழியில் நேரம் ஒரே எண்ணாக வராது. முழு விநாடி எத்தனை என்று ஓர் எண் வரும். மிச்சம் எத்தனை நானோ விநாடி என்று இன்னோர் எண் தனியாக வரும். இரண்டையும் சரியாகச் சேர்த்து மனிதர்கள் படிக்கிற மாதிரி காட்டுவது எழுதுகிறவர் பொறுப்பு. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுத் தொழுவம் காலியானது இந்த இடத்தில்தான்.

எழுதியது இரண்டு பேர், நானும் என் கூட்டாளியும். நான் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் ஒரு கரிசல் கிராமத்துக்காரி. மதுரையில் ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். வாரத்தில் பாதி நாள் பஸ், பாதி நாள் வீட்டிலேயே லேப்டாப். அவன் பாலவனத்தம். என்ஜினியரிங்கில் என் வகுப்பு. படிப்பு முடிந்து இருவருக்கும் மதுரையில்தான் வேலை கிடைத்தது, ஆளுக்கொரு கம்பெனியில். காலையில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பான். காரியாபட்டி வருவதற்குள் இரண்டு பேரும் ஒருவர் எழுதிய நிரலை ஒருவர் திட்டி முடித்திருப்போம். வீட்டில் சொல்ல முடியாததை அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவனும் என்னிடம் அப்படித்தான். ஊரில் இரண்டு பேர் இதை வேறு மாதிரிப் பேசினார்கள். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க நானும் ஆளாய்ப் போய் வந்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

பந்தய யோசனை என் ஊர்க் கமிட்டியிலிருந்து வந்தது. எங்கள் பங்குனிப் பொங்கலில் வண்டிப் பந்தயம்தான் பெரிய விசேஷம். சின்ன மாட்டுப் பிரிவில் வண்டிகள் அதிகம் சேர்ந்துவிடும், ரோடு சிறிசு. அதனால் வண்டிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு சுற்றாக ஓட விடுவார்கள். முதல் சுற்றில் முதலில் வந்த வண்டி பெரிதா, இரண்டாம் சுற்றில் முதலில் வந்தது பெரிதா என்று வருஷா வருஷம் சண்டை. ஆளாளுக்குச் செல்போனில் நேரம் பிடித்துக்கொண்டு வந்து கத்துவார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. போன வருஷம் கைகலப்பாகிப் போலீஸ் வந்தது. கமிட்டித் தலைவர் அருப்புக்கோட்டையில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருக்கிறவர். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏத்தா, நீ கம்ப்யூட்டர்ல என்னத்தையோ பண்றியே, இதுக்கு ஒரு மிஷின் பண்ண முடியாதா?" என்று கேட்டார்.

என் தம்பியும் ஓடுகிறான், அதனால் நான் செய்வது சரியாக இருக்காது என்று முதலிலேயே சொன்னேன். அவர் சிரித்தார். "மிஷினுக்கு அக்கா தம்பி தெரியுமா? அப்படியே ஒரு பேச்சு வந்தாலும் ஒன்கூட இன்னொரு தம்பி சேந்து பண்றாகல்ல, அவுகளுக்கு இந்த ஊர்ல மாடும் இல்ல, மச்சானும் இல்ல. நீ பாட்டுக்குச் செய்யி."

செய்தோம். எல்லைக்கோட்டில் ஒரு கம்பத்திலிருந்து எதிர்க் கம்பத்துக்கு ஒளிக்கற்றை. நுகத்தடி அதை மறைத்த கணத்தில் நேரம் பதியும். எந்த வண்டி என்று சொல்ல நுகத்தடியில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் சில்லு. கொடி அசைக்கிறவர் கையில் ஒரு பொத்தான், கொடி இறங்கும்போதே அமுக்கிவிடுவார். நேரத்தைப் பிடிக்கிற பகுதியை நான் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரம் இருக்கிறது. ஒன்று நம் கைக்கடிகாரம் மாதிரி மணி காட்டும். ஆனால் நெட் கிடைத்ததும் தன்னைத் திருத்திக்கொள்ளும், சில சமயம் பின்னாலேயே போய்விடும். அதை வைத்து ஓட்டத்தை அளந்தால் கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்த காளைகூடக் கிடைக்கும். இன்னொரு கடிகாரத்துக்கு மணி என்ன என்றே தெரியாது, முன்னால் எண்ணிக்கொண்டு போவது மட்டும்தான் தெரியும். நான் எடுத்தது அதை. பிடித்த நேரத்தை வாங்கி, வரிசைப்படுத்தி, பெரிய பலகையில் சிவப்பு எழுத்தில் காட்டுகிற பகுதியை அவன் எழுதினான். அவன் எழுதியதை நான் படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அப்படிப்பட்ட பழக்கம் எங்களுக்குள்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் டிப்ளமோ முடித்துவிட்டு ஊரிலேயே இருந்தான். அவனுக்கு இருந்தது இரண்டு காளை. கன்றாக வாங்கியது. தன் கையாலேயே தீனி வைத்து, குளிப்பாட்டி, அதிகாலையில் ரோட்டில் நடக்கவிட்டுப் பழக்கியது. மானாவாரி நிலம் எங்களுடையது. அடுத்தடுத்து மழை ஏமாற்றியது. பந்தய மாட்டுக்குத் தீனி வைத்துக் கட்டுப்படியாகாது என்று அப்பாவுக்குக் கவலை. மிஷின் வேலைக்காகக் கூட்டாளி எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா தம்பியிடம் சொன்னார்: "பொங்கல்ல மொத வண்டியா வந்துட்டா மாடு நம்ம தொழுவத்துலயே நிக்கட்டும், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வரலைன்னா வந்த வெலைக்குக் குடுத்துட்டு நீ திருப்பூர் பஸ்ஸ புடி."

தம்பி "சரிப்பா" என்று மட்டும் சொன்னான். என் கூட்டாளிதான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு அவன் முதுகைத் தட்டி, "நீ ஜெயிப்ப, நாங்க பலகையில பெருசா போட்டுக் காட்டுவோம் பாரு" என்றான். என் அம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

பந்தயத்தன்று வெயில் ஏறுவதற்கு முன்பே முதல் சுற்று முடிந்துவிட்டது. தம்பி வண்டி முதலில் வந்தது. அவன் ஓட்டியதில் ஒரு பதற்றமும் இல்லை, இரண்டு காளையும் ஒரே மூச்சில் வந்த மாதிரி இருந்தது. பலகையில் நிமிடத்துக்குப் பிறகு 41.62 என்று நின்றது. கூட்டம் விசிலடித்தது. நான் கம்பத்துக்குப் பக்கத்தில் என் லேப்டாப்போடு உட்கார்ந்து, முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பாடுபட்டேன்.

இரண்டாம் சுற்றில் காரியாபட்டிப் பக்கத்து வண்டி ஒன்று முந்தி வந்தது. அதே நிமிடம்தான். பலகையில் 41.34. விநாடியில் கால் பங்கு போல வித்தியாசம். மைக்கில் காரியாபட்டி வண்டிதான் முதல் என்று அறிவித்தார்கள். ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் மிஷினுக்குக் கிடைத்த மரியாதை. என் தம்பி காளைகளை நிழலுக்கு ஓட்டிப்போய் அதுகள் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழக் கூடாது என்று குனிந்து லேப்டாப்பைப் பார்த்தேன். கம்பத்திலிருந்து நேராக என் பகுதிக்கு வரும் எண்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி வண்டிக்கு, நிமிடம் போக, நாற்பத்தொரு விநாடி, அதற்குமேல் 62418907 நானோ விநாடி. இன்னொன்றுக்கு நாற்பத்தொரு விநாடி, அதற்குமேல் 340775112. இரண்டாவது எண்ணுக்கு ஒன்பது இலக்கம். முதலாவதற்கு எட்டுதான்.

புரிய ஒரு நிமிடம் ஆனது. நூறு கோடிக் கூறில் ஆறு கோடிச் சொச்சம் என்றால் அது விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 41.06 என்று வந்திருக்க வேண்டும். என் கூட்டாளி என்ன செய்திருந்தான் என்றால், முழு விநாடியை எழுதி, ஒரு புள்ளி வைத்து, மிச்சத்தை அப்படியே ஒட்டிவிட்டான். முன்னால் போட வேண்டிய பூஜ்யத்தைப் போடவில்லை. பிறகு இரண்டு இலக்கத்தோடு வெட்டிவிட்டதால் பலகையைப் பார்க்கிற எவருக்கும் சந்தேகம் வராது. பத்து வண்டியில் ஒன்றுக்குத்தான் இந்தத் தப்பு நடக்கும். அந்த ஒன்று என் தம்பி வண்டியாக இருந்தது. அவன்தான் ஜெயித்திருந்தான், கால் விநாடிக்கும் மேலேயே.

எனக்கு அப்போது கோபமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. தப்பு செய்யாத நிரலர் உலகத்தில் கிடையாது. இதைவிட அசிங்கமான தப்பையெல்லாம் நாங்கள் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே திருத்தியிருக்கிறோம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கமிட்டிப் பந்தலுக்கு ஓடினேன்.

தலைவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமாக இல்லை. "அண்ணே, அஞ்சு ரூவா ஆறு காச நீங்க எப்படி எழுதுவீங்க? அஞ்சு புள்ளி சைபர் ஆறு. அந்த சைபர விட்டுட்டா அது அஞ்சு ரூவா அறுபது காசாயிருமா இல்லையா? அதுதான் நடந்திருக்கு" என்றேன். வியாபாரி இல்லையா, சட்டென்று பிடித்துக்கொண்டார். "அட, ஆமால்ல" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். காரியாபட்டிக்காரர்கள் முறைத்தார்கள். அவர்களில் ஒருவர், "தம்பி தோத்ததும் அக்காவுக்குக் கணக்கு ஞாவகம் வந்துருச்சாக்கும்" என்றார்.

எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் ஒரு முறை உண்டு. முடிவில் தகராறு என்றால் மாட்டுக்காரரின் சொந்தபந்தம் பேசுவது எடுபடாது, எவ்வளவு நியாயமாக இருந்தாலும். அந்த மாட்டுக்கு எந்த விதத்திலும் சம்பந்தமில்லாத ஓர் ஆள், நடந்ததைக் கண்ணால் பார்த்தவர், கோவில் பக்கம் திரும்பி நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் அறிவித்த முடிவைக்கூட மாற்றிவிடுவார்கள், அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படி மாறியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நல்ல முறைதான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் இந்தத் தடவை பார்க்க வேண்டிய விஷயம் ரோட்டில் இல்லை, திரையில் இருந்தது. அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டே பேர். ஒருத்தி அக்கா.

தலைவர் என் கூட்டாளியைக் கூப்பிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் வந்தான். நான் திரையை அவன் பக்கம் திருப்பி, "ஏலே, இதப் பாரு, எட்டு எலக்கம்" என்றேன். அவ்வளவு சொன்னால் போதும் அவனுக்கு. அவன் பார்த்தான். அவன் கண் முதல் எண்ணில் நின்று, இரண்டாவதற்குப் போய், திரும்ப முதலாவதற்கு வந்தது. புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்குப் புரிகிறபோது கீழுதட்டைக் கடிப்பான், கடித்தான்.

"சொல்லுப்பா," என்றார் தலைவர், "இந்தப் பிள்ள சொல்றது சரியா?"

அவன் கோவில் பக்கம் திரும்பி நின்றான். "இல்லண்ணே. அவுக சொல்றது காசுக் கணக்கு. நேரக் கணக்கு வேற, அதுல உள்ளுக்குள்ள நெறைய விஷயம் இருக்கு. பலகையில வந்ததுதான் சரி."

நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நேரக் கணக்கு வேறெல்லாம் ஒன்றுமில்லை, புள்ளிக்குப் பிறகு வரும் பூஜ்யம் எல்லாக் கணக்கிலும் பூஜ்யம்தான். ஆனால் படித்தவன் 'உள்ளுக்குள்ள நெறைய விஷயம்' என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். சற்றுமுன் 'ஆமால்ல' என்ற அதே தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "விடுத்தா, பாசம் கண்ண மறைக்கும்" என்றார். காரியாபட்டி வண்டிக்கு மாலை போட்டார்கள்.

பந்தலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே அவனைப் பிடித்தேன். மற்றவர்கள் இல்லாத இடத்தில் அவன் மறைக்கவில்லை.

"நீ சொன்னதுதான் சரி. நான்தான் சைபர் போடாம விட்டுட்டேன்," என்றான்.

"அப்ப ஏன்லே அப்படிச் சொன்ன?"

"மொதப் பந்தயத்துலயே மிஷின் தப்புன்னு என் வாயாலயே சொன்னா நாளைக்கு எவன் நம்மளக் கூப்புடுவான்? இன்னிக்கு மட்டும் நாலு ஊர்க்காரவுக வந்து பாத்துட்டுப் போயிருக்காக. இது நம்ம ரெண்டு பேரோட உழைப்புப்பா. ராத்திரிக்குள்ள சரி பண்ணிருவேன். ஒன் தம்பிக்கென்ன, அடுத்த வருஷம் ஓட்டட்டும்."

"அடுத்த வருஷம் மாடு இருக்காது. அது ஒனக்குத் தெரியும். நீ பக்கத்துல ஒக்காந்து கேட்ட."

"வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட நான் தனியாச் சொல்றேன். தம்பிகிட்டயும் சொல்றேன். நாளைக்கே வாரேன்," என்றான்.

அந்த வார்த்தையை நம்பினேன். பந்தலில் அப்படி ஒரு காரியத்தைச் செய்த பிறகும் நம்பினேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் கணக்கைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பாலவனத்தத்துத் தம்பி வந்து சொல்லட்டும்மா" என்றார். அவன் மறுநாள் வரவில்லை. போன் அடித்தால் மீட்டிங் என்றான், பிறகு எடுப்பதையே விட்டுவிட்டான். ஆனால் நிரலைத் திருத்தியிருந்தான். ஒரே ஒரு வரி. ஒன்பது இலக்கத்துக்குக் குறைந்தால் முன்னால் பூஜ்யம் போட்டு நிரப்பு என்று மொழியிடம் சொல்கிற வரி. அழகாக எழுதியிருந்தான். எதற்காகத் திருத்தினோம் என்று குறிப்பு எழுதுகிற இடத்தில் 'சின்னத் திருத்தம்' என்று போட்டிருந்தான்.

அதைப் படித்தபோதுதான் எனக்கு வெறி வந்தது. அந்தக் கூட்டத்தில் எவனோ ஒருத்தன் பொய் சொல்லியிருந்தால் நாலு வசவு திட்டிவிட்டு மறந்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவன். நான் சொல்வது உண்மை என்று சொல்ல இந்த உலகத்தில் அவனை விட்டால் ஆளில்லாத ஒரு நேரத்தில், அவன் என் படிப்பையும் சேர்த்துப் பொய்யாக்கிவிட்டுப் போனான். கூட்டு வேண்டாம் என்று ஒரு மெசேஜ் போட்டேன். 'புரியுது' என்று பதில் வந்தது. அந்த மிஷின் இப்போது சுற்றுவட்டாரத்தில் பந்தயம் நடக்கிற ஊருக்கெல்லாம் போகிறது. தப்பே வராது என்று பெயர். தப்பு வராதுதான், அது எனக்கும் தெரியும். காலைப் பஸ்ஸுக்கு நான் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

மாடு கேட்டு ஆட்கள் வந்தார்கள். பல்லைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், இரண்டாவதாக வந்த ஜோடி என்று சொல்லித்தான் பேரம் பேசினார்கள். அப்பா சொன்ன சொல்லில் நின்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மாட்டை ஏற்ற லாரி வந்த காலையில் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார், வெளியே வரவில்லை.

தம்பி தானே இரண்டு காளையையும் சரிவாகப் போட்ட மரப்பலகைமேல் நடத்தி லாரிக்குள் ஏற்றினான். மூக்கணாங்கயிற்றை உள்பக்கம் கட்டினான். கால் வழுக்காமல் இருக்க வைக்கோலைப் பரப்பினான். கீழே குதித்து அவன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் முன்னால் போனேன். எதையும் மாற்ற முடியாது என்று தெரியும். அவன் ஒருத்தனாவது தெரிந்துகொண்டு திருப்பூர் போகட்டும் என்று நினைத்தேன். இரண்டு எண்ணையும் காட்டினேன். எட்டு இலக்கம், ஒன்பது இலக்கம், விட்டுப்போன பூஜ்யம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "நீதான்டா ஜெயிச்ச" என்றேன்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தான், அழுகிற பிள்ளையைப் பார்ப்பது போல.

"விடுக்கா," என்றான். "நீ எனக்காகச் சொல்ற, எனக்குத் தெரியாதா? அந்தண்ணனுக்கு என்ன வந்துச்சு பொய் சொல்ல? திருப்பத்துல நான்தான் கயித்தக் கொஞ்சம் முன்னாடியே இழுத்துப் புடிச்சுட்டேன். தப்பு என் மேலதான்க்கா."